மங்கலமடந்தை மலையும் மந்திரப் பள்ளியும்

தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் ஆங்கில வழிப் பள்ளிகளிற் பயிலும் பிள்ளைகள் பலருடைய பையில் இன்று பாடநூலோடு தடித்த கதைப் பொத்தகம் ஒன்றும் கிடக்கின்றது. இரௌலிங் என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதி, 1997ஆம் ஆண்டு தொடங்கி 2007ஆம் ஆண்டு முடிய ஏழு மடலங்களாக வெளிவந்த ஆரி பாட்டர் கதையே அது. பெற்றோரை இழந்து, பெரியன்னை வீட்டு மாடிப்படியின் கீழுள்ள இருட்டறையிற் படுத்துறங்கும் சிறுவனொருவன், பதினொன்றாம் அகவை நிறையும் நாளில் தான் மந்திரக் குடியிற் பிறந்தவன் என்று அறிகின்றான். இலண்டன் தொடர்வண்டி நிலையத்தில் ஒன்பதாம் நடைமேடைக்கும் பத்தாம் நடைமேடைக்கும் இடையே, பிறர் கண்ணுக்குப் புலப்படாத மேடையொன்று அவனுக்கு வழிவிடுகின்றது. அதன்வழியே சென்று, உலகோர் அறியாத மந்திரப் பள்ளியில் அவன் சேர்கின்றான். எண்பதிற்கு மேற்பட்ட மொழிகளில் இக்கதை பெயர்க்கப்பட்டுள்ளது. மேலைநாட்டில் அதன்பின் வந்த இளையோர் புதினங்களுட் பல, இதே மறைவுலகக் கதையின் மறுவார்ப்புகளே.

இதனைப் படிக்கும் பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. கண்காணும் உலகிற்கு அப்பால் வேறோர் உலகம் உண்டு, அதன் கதவு தனக்கு மட்டும் திறக்கும் என்னும் எண்ணம், வளரும் அகவையில் எவருக்கும் எழுவது. வீட்டில் ஒருவரும் பொருட்படுத்தாத பிள்ளைக்கு அவ்வெண்ணம் உணவினும் இனியது. கடியத்தக்கது வேறொன்று. இத்தகைய கதை ஆங்கிலத்தில்தான் இயலும், தமிழில் அறவுரையும் அழுகையுமன்றி வேறில்லை என்று அப்பிள்ளைகள் நம்புகின்றனர். அவர்தம் பெற்றோரும் நம்புகின்றனர். அவர்க்குத் தமிழ் கற்பிப்போருட் சிலரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கை பொய். அதனைப் பொய்யென்று காட்டும் சான்று, கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைமீதே நின்றுகொண்டிருக்கின்றது.

உலகத்து நல்லனவெல்லாம் தமிழினின்றே களவாடப்பட்டன என்று மேடையேறி முழங்குவாரும் இயக்கத்துள் உளர். இரௌலிங் சிலப்பதிகாரம் படித்திருக்க வழியில்லை. மறைவுலகக் கதை எல்லா மாந்தக் குடிகளுக்கும் பொதுவானது. அப்பொதுப்பொருளில் தமிழர்க்குரிய பங்கு யாது, அது எத்துணைப் பழைமையது, அதனைத் தமிழர் என்செய்தனர் என்பனவே கேட்கத்தக்க கேள்விகள்.

முதற்கண் சொல்லை நோக்குக. மேலைமொழிகளில் மந்திர வித்தையைக் குறிக்கும் சொல் வேறு. மறைவைக் குறிக்கும் சொல் வேறு. தமிழிலோ மாயம் என்னும் சொல் மாய்தல் என்னும் வினையோடு உறவுடையது. மாய்தலாவது மறைதல். கதிரவன் மாய்ந்தான் எனின் மறைந்தான் என்பதே பொருள். கண்ணுக்கு மறைந்து நிற்பது எதுவோ அதுவே மாயம். மந்திரத்திற்கு இலக்கணம் கூறவந்த தொல்காப்பியர், நிறைமொழி மாந்தர் தம் ஆணையாற் கூறிய மறைமொழியே அது என்று செய்யுளியலில் வரையறுத்தார். அங்கும் மறைவே அடிப்படை. மாயவுலகு என்று ஒரு தமிழன் சொல்லும்போதே மறைந்த உலகு என்பதும் உடன் சொல்லப்பட்டுவிடுகின்றது. ஆங்கிலப் புதினத்தார் இரண்டு சொற்களை ஒட்டவைத்துச் சொல்லும் கருத்தைத் தமிழ் ஒரே வேரில் வைத்துள்ளது. இவ்வழியிற் சொல்லாராயக் கற்பித்தவர் பாவாணர்.

சொல் இருந்தாற் போதுமா, கதை வேண்டாவா எனின், கதையும் உண்டு. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தின் முதற் பகுதி காடுகாண் காதை. பள்ளி மாணவர்க்கு அப்பகுதி பெரும்பாலும் பெயரளவில்தான் தெரியும். முப்பது காதைகள், மூன்று காண்டங்கள் என்று எண்ணிச் சொல்லப் பழக்கப்பட்ட மாணவன், அதனுள்ளே ஒரு மாயமுழை வாய்திறந்து கிடப்பதை அறியான்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரைக் கடந்து மதுரை நோக்கிச் செல்கையில், குடமலை மாங்காட்டு மறையோன் ஒருவன் எதிர்ப்படுகின்றான். மதுரைக்கு வழி யாது என்று கோவலன் கேட்க, கொடும்பை நெடுங்குளத்தின் கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்கின்றான் அவன். வலப்பக்க வழி சிறுமலை வழி. இடப்பக்க வழியிற் செல்வார் திருமால்குன்றத்தை, அஃதாவது இன்றைய அழகர் மலையை அடைவர். ஆண்டு ஒரு முழை உண்டு. அதனுள்ளே மூன்று பொய்கைகள். ஒன்றில் முழுகினார்க்கு இந்திரன் இயற்றியதாகச் சொல்லப்படும் ஐந்திர இலக்கணம் கைவரும். மற்றொன்றில் முழுகினார்க்குப் பழம்பிறப்பின் செய்தியெல்லாம் விளங்கும். மூன்றாவதில் முழுகினார் நினைத்ததெல்லாம் பெறுவர்.

ஆயின் அம்முழையுள் எவரும் நினைத்தவுடன் நுழைய இயலாது. மலையை மும்முறை வலம்வந்தபின், சிலம்பாற்றங்கரையில் பூத்த கோங்கின் நிழலில், மின்னற்கொடி போன்ற ஒருத்தி தோன்றுவாள். இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு இன்பம் எது, இவ்விரண்டும் இன்றி என்றும் நிலைத்து நிற்பது எது என்று வினவுவாள். விடைகூறினார்க்குக் கதவு திறப்பாள். உள்ளே இடைகழிகள், கதவுக்குப் பின் கதவு, இறுதியில் இரட்டைக் கதவு. அங்கே ஓவியம் போன்ற மற்றொருத்தி நின்று, முடிவில்லாத இன்பம் எது என்று கேட்பாள். சொன்னார் விரும்பியது பெறுவர். சொல்லாதார்க்கும் அவள் தீங்கு செய்யாள். நெடுவழியிற் கொண்டுசேர்த்து விட்டுவிடுவாள்.

இதனினும் நேர்த்தியான மாயவுலக வாயிலை எந்த மேலைப் புதினம் காட்டியுள்ளது? வழி தவறாதபடி இடம் குறிக்கப்பட்டுள்ளது, காவல் தெய்வம் உண்டு, விடுகதை உண்டு, அடுக்கடுக்கான கதவுகள் உண்டு, தோற்றவனையும் கொல்லாத பெருந்தன்மை உண்டு. இன்றைய கதைகளில் விடை தவறினவனை அரக்கன் விழுங்குவான். இளங்கோவின் முழையிலோ விடை தெரியாதவன் வழியிற் கொண்டுவிடப்படுகின்றான்.

அம்முழையின் பெயரும் பொய்கைகளின் பெயரும் கதவு திறக்கும் நங்கையின் பெயரும் வடசொற்களாய் இருக்கின்றனவே என்று தனித்தமிழன்பர் கேட்கக்கூடும். அப்பெயர்களைச் சொல்பவன் யார் என்று நோக்கினால் விடை கிடைக்கும். மறையோன் வாயில் மறையோன் மொழியை இளங்கோ வைத்தார். அவன் காட்டும் முதற் பொய்கை தருவதும் ஐந்திரமே. அதற்கு மறுமொழி கூறக் கவுந்தியை வைத்தார்.

கவுந்தி மறுத்துவிடுகின்றாள். இந்திரன் நூல் காட்டுவதனைத் தன் சமயத்து மெய்ந்நூலிலேயே காணலாம் என்கின்றாள். பழம்பிறப்பிற் செய்தது எதுவோ அது இப்பிறப்பின் வாழ்விலேயே தெரியவில்லையா என்கின்றாள். வாய்மை தவறாது உயிர்களைக் காப்பவர்க்கு எய்த இயலாத பொருள் உண்டோ என்கின்றாள். நீ உன் தெய்வத்தை வழிபடப் போ, யாம் எம் வழியிற் போகின்றேம் என்று மறையோனை அனுப்பிவிடுகின்றாள். மாயக்கதவு திறந்து நிற்கையில், உள்ளே போகாமல் நடந்துபோகின்ற கதைமாந்தரை வேறெங்குக் காண்பது? அந்த மறுப்பின் பின்னும் மாயம் அவர்களை விடவில்லை. நீர்வேட்கையாற் பொய்கைக்குச் சென்ற கோவலன்முன், கானுறை தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலையின் உருவில் வந்து நின்று அவனை மயக்கப் பார்க்கின்றது. கொற்றவையின் மந்திரத்தைச் சொல்லி அவன் தப்புகின்றான்.

பகுத்தறிவு பேசும் இயக்கம் பேயையும் பூதத்தையும் தூக்கிப் பிடிக்கலாமா என்று கேட்பார்க்கும் கவுந்தியே விடை. கதையை நம்பிக்கையாகக் கொள்வது வேறு; கதையைக் கதையாகத் துய்ப்பது வேறு. மாயமுழையை வரைந்த கையே அதனை மறுக்கும் துறவியையும் வரைந்தது. ஒன்றை வெட்டிவிட்டு மற்றொன்றை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அறவுரைதான் எஞ்சும். தமிழ்வகுப்பில் இன்று எஞ்சியிருப்பதும் அதுவே.

புகார் நகரத்து ஐவகை மன்றங்களை இந்திரவிழவூரெடுத்த காதை கூறுகின்றது. திருடிய பொதியைத் தலையிற் சுமந்து சுற்றிச்சுற்றி வருமாறு கள்வனைச் செய்யும் வெளியிடம். முழுகினார் கூனும் குருடும் நீங்கும் பொய்கை. பித்தேறினார் சுற்றிவர நலமுறும் நெடுங்கல். பொய்ச்சான்று கூறுவாரைக் கயிற்றாற் கட்டிப் புடைத்துண்ணும் சதுக்கப்பூதம். கோல்கோடினால் வாய்பேசாது கண்ணீர் வடிக்கும் பாவை. மணிமேகலையிலோ வான்வழிச் செல்லவும் வேற்றுருக் கொள்ளவும் பசிநீங்கவும் மூன்று மந்திரங்கள். கொல்லிமலைப் பாவையைச் சொல்லவும் வேண்டா. இத்துணைச் செல்வத்தின்மேல் அமர்ந்துகொண்டு ஆங்கிலப் பொத்தகம் வாங்கக் கடைக்கு ஓடுகின்றது ஒரு தலைமுறை.

ஆரி பாட்டர் கதையிலுள்ள மந்திரச் சொற்களைச் சற்றே உற்று நோக்குவார்க்கு ஒரு வேடிக்கை புலப்படும். அவற்றுட் பெரும்பாலன இலத்தீனச் சாயலுடையன. ஆங்கிலச் சிறுவன் கோலை ஓங்கி ஆங்கிலத்திற் கட்டளையிட்டால் எதுவும் நடவாதாம். இலத்தீனம் போன்றிருந்தால்தான் பூட்டுத் திறக்குமாம்! தன் தாய்மொழிக்கு ஆற்றலில்லை, செத்த மொழிக்கே ஆற்றலுண்டு என்னும் தாழ்வெண்ணம் ஆங்கிலேயரிடத்தும் உண்டு என்பதற்கு இது சான்று. தமிழன் கட்டிய கோயிலில், தமிழன் வைத்த சிலைக்கு, வடமொழியிற் சொன்னால்தான் செவிகேட்கும் என்று நம்பவைக்கப்பட்ட தமிழர்க்கு அவ்வெண்ணத்தின் பிடி எத்தகையது என்று தெரியும்.

ஆனால் ஆங்கிலேயருள் அப்பிடியை உதறியவரும் ஒருவர் உண்டு. தோல்கீன் (1892–1973) என்பவர் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்திற் பழைய ஆங்கிலப் பேராசிரியர். முதல் உலகப்போர் முடிந்தபின் ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலிப் பணியில் ஏறத்தாழ ஈராண்டு இருந்து, சொல்லின் பிறப்பாய்ந்தவர். 1937ஆம் ஆண்டிலும், பின்னர் 1954, 1955ஆம் ஆண்டுகளிலும் அவர் வெளியிட்ட மாயவுலகக் கதைகளே, இன்றைய மறைவுலகப் புதினங்களுக்கெல்லாம் தாய். அவருடைய கதை கதையினின்று தோன்றவில்லை, சொல்லினின்று தோன்றியது. வழக்கிறந்த பழைய ஆங்கிலச் சொற்களைத் தோண்டியெடுத்து, மரமாந்தர்க்கும் அரக்கர்க்கும் தம் உலகத்திற்குமே அவற்றைப் பெயராக்கினார். அப்பெயர்களை எவ்வாறு பெயர்ப்பது என்று மொழிபெயர்ப்பாளர்க்கென ஒரு வழிகாட்டியும் எழுதினார்.

அங்கே அகரமுதலியிலிருந்து ஒரு மாயவுலகம் பிறந்தது. இங்கும் ஓர் அகரமுதலி உண்டு. 1974ஆம் ஆண்டு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அமர்த்தப்பட்ட பாவாணர், 1981ஆம் ஆண்டு மறையும்வரை அதற்கே உழைத்தார். அவர் மறைந்தபின்னும் அப்பணி தொடர்ந்தது. அம்மடலங்களைப் புரட்டிப் பார்ப்பார், அணங்கு, சூர், வரையரமகள், முழை, விடர், அளை என்று கதையாக்கத் தகுந்த சொற்கள் வரிசையாகக் காத்திருக்கக் காண்பர். ஒரு தமிழ்ப் புதினத்தாரேனும் அவற்றை அள்ளிக்கொண்டு போகக்கூடாதா? தனித்தமிழ் என்றால் கடிதத்திலும் திருமண அழைப்பிலும் வடசொல்லைக் களைவது என்ற அளவிலேயே இயக்கத்தாருட் பலர் நின்றுவிட்டனர். களை எடுத்த நிலத்தில் என்ன விதைத்தனர்?

தமிழில் சிறுவர்க்கு மாயக்கதை இல்லாமலில்லை. 1947ஆம் ஆண்டு தொடங்கிய அம்புலிமாமா மூன்று தலைமுறையைப் படிக்கப் பழக்கியது. ஆயின் அதில் விடாது வந்தது வடநாட்டு விக்கிரமாதித்தன் தூக்கிய வேதாளமே. வாண்டுமாமா (1925–2014) மாயத்தீவும் மந்திரவாளும் நிறைந்த கதைகளை அலுக்காமல் எழுதிக் குவித்தார். அவர் கதைகளிற் பரபரப்பு உண்டு. பிள்ளைகள் போட்டியிட்டுப் படித்தனர். அவர்க்குத் தமிழுலகம் செய்த நன்றி போதாது. எனினும் அவருடைய மாயவுலகம் எந்த மலையிலும் இல்லை. எந்த ஆற்றங்கரையிலும் இல்லை. அதன் பெயர்களும் பெரும்பாலும் வடமொழிப் பெயர்கள். இளங்கோவோ அழகர் மலை என்று இடம் குறித்தார். படித்த பிள்ளை போய்ப் பார்க்கலாம்.

போய்ப் பார்க்கத்தக்க மற்றோர் இடமே கம்பம் பள்ளத்தாக்கின் மேல் உள்ளது. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்து, மலையேறி, வேங்கை மரநிழலில் நின்றாள். பதினான்காம் நாள் பகல் கழிந்தபின் கோவலனோடு வானவூர்தி ஏறினாள். குன்றக் குறவர் அதனைக் கண்டு சேரன் செங்குட்டுவனிடம் சொல்ல, அவன் இமயத்துக் கல் கொணர்ந்து கோட்டம் எடுத்தான். அம்மலை எது என்று பலரும் பலவாறு கூறிவந்த நிலையில், பேராசிரியர் சி. கோவிந்தராசனார் சிலம்பு காட்டும் வழியைக் காலால் நடந்து ஆய்ந்து, கூடலூருக்கு மேலுள்ள மலையிற் சிதைந்து கிடந்த கற்கோட்டமே அது என்று 1963ஆம் ஆண்டு கண்டறிந்தார்.

அக்கோட்டத்திற்கு இன்று வழங்கும் பெயர் மங்கலதேவி கோயில். இளங்கோ வரந்தரு காதையில் அதனை மங்கலமடந்தை கோட்டம் என்றார். மடந்தை தேவியானாள், கோட்டம் கோயிலாயிற்று, ஆனாலும் மங்கலம் அழியவில்லை. அருகிலுள்ள வண்ணாத்திப்பாறை என்பது விண்ணேற்றிப்பாறை என்பதன் திரிபு என்று அறிஞர் கூறுவர். விண்ணுக்கு ஏற்றிய பாறையைத் துணிவெளுக்கும் பாறையாக்கிவிட்டது மக்கள் வாய். எனினும் அத்திரிபே பழம்பெயரைக் காத்தும் தந்தது.

அம்மலை நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம் உடையது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரண்டின் எல்லையில், பெரியாற்றுப் புலிக்காப்புக் காட்டினுள் நிற்கின்றது. எல்லைப் பூசல் நெடுங்காலமாய்த் தீராதிருக்கின்றது. ஆண்டிற்கு ஒருநாள், சித்திரை முழுநிலா அன்று மட்டுமே மக்கள் செல்ல இசைவு. அன்றும் காலையிற் போய் மாலைக்குள் இறங்கிவிடல் வேண்டும். உந்துகள் குமுளி வழியே கேரளப் பக்கமாகத்தான் ஏறுகின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் சாலை இல்லை. மலைவாழ் பளியர் பெயரைத் தாங்கிய பளியங்குடியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் காட்டுவழி ஒன்றே உண்டு. தமிழர் காப்பியத்தின் தலைவியைக் காணத் தமிழ்நாட்டு வழி ஒற்றையடிப் பாதையாய்க் கிடப்பது ஆட்சி செய்தார் எல்லார்க்கும் நாணத்தக்கது. அவ்வழியைச் செப்பம் செய்க என்று இயக்கத்தார் கேட்பது முறையே. வானவூர்தியில் ஒருத்தி விண்ணேறிய மலை. அதன் வாயில் ஆண்டிற்கு ஒருநாள் மட்டும் திறப்பது. எஞ்சிய நாளெல்லாம் புலி காக்கும் காடு. இலண்டன் நடைமேடையைக் கற்பனையாற் படைக்க வேண்டியிருந்த எழுத்தாளர் இதனைக் கேள்விப்பட்டால் பொறாமையன்றோ கொள்வார்!

மலைமேல் மட்டுமன்று, மண்ணுக்கு அடியிலும் மறைவுலகம் உண்டு. ஆண்டிபட்டி வட்டத்தில், வையைக் கரைப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். மூன்றிலும் பழந்தமிழ் எழுத்து. கி.மு. காலத்தவை என்பது அறிஞர் கணிப்பு. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் வீழ்ந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல். ஆகோள் என்பது தொல்காப்பியர் வெட்சித்துறையில் ஆண்ட அதே சொல். அக்கூடலூர் கம்பத்தை அடுத்த கூடலூரே என்று கருதுவோர் உளர். ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனின் பெயர் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுள் உறங்கிக் கிடந்து, அதே எழுத்தோடு எழுந்து வந்திருக்கின்றது.

சின்னமனூரில் பள்ளிவிடுமுறைக்கு வீட்டிலிருக்கும் பிள்ளை ஒருத்தி, முல்லையாற்றங்கரையில் ஒரு கல்லைப் புரட்டுகின்றாள். அதிலுள்ள எழுத்து அவளுக்கு மட்டும் படிக்க வருகின்றது என்று ஒரு புதினம் தொடங்கட்டும். சுருளியில் சித்தர் உறைவர் என்பது பள்ளத்தாக்கு மக்களின் நம்பிக்கை. அருவியின் பின்னே ஒரு முழை திறக்கட்டும். கோங்கின் நிழலில் நிற்பவள் மூன்று கேள்வி கேட்கட்டும். பூட்டைத் திறக்கும் மறைமொழி நல்ல தமிழில் இருக்கட்டும். வானூர்தி ஏறியவள் எங்கே போனாள் என்று அப்பிள்ளை தேடிப் போகட்டும். எழுதுவோர் தமிழ்ப் புலவராய் இருத்தல் போதாது. ஏழு மடலத்தை ஒரே மூச்சிற் படிக்கவைத்த அந்த ஆங்கிலப் பெண்மணியின் கதைத்திறனும் வேண்டும். அதனைக் கற்பதில் இழுக்கில்லை. தூய சொற்களைக் கோத்துவிட்டுக் கதையைச் சாகவிடும் நூல்கள் ஏற்கெனவே நிறைய உள்ளன. அவற்றைப் பரிசாகப் பெற்ற பிள்ளைகள் பிரித்தும் பாரார்.

எழுத முனைவார் முதலில் அம்மலையைக் காலால் அறிதல் நலம். பளியர்க்கு அக்காட்டின் ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு மரத்திற்கும் பெயர் தெரியும்; தேனடை தொங்கும் விடருக்கும் பெயர் தெரியும். அப்பெயர்களைக் கேட்டெழுதிக்கொள்ள ஒரு சுவடி போதும். சித்திரை முழுநிலா நாளில் பளியங்குடியில் விடியுமுன்னரே மக்கள் திரண்டுவிடுவர். மலையேற ஏற வெயிலும் ஏறும். தண்ணீரைக் கையோடு கொண்டு செல்லல் வேண்டும்.